கெப் போகிற நண்பனுக்கு

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். கண் அறுவைக்குப் பிறகு அம்மா மறுபடியும் பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

நீயும் மீனாவும் ஜனவரியில் கம்போடியா போகிறீர்கள், அங்கோர் கோயில்களைப் பார்த்த பிறகு கடற்கரையில் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். கெப் என்கிற சின்னக் கடலோர ஊருக்குப் போ. அங்கே பெரிய கடற்கரை நகரமான சிஹனூக்வில் இப்போது கசினோக்களும் அடுக்குமாடிகளுமாக மாறிவிட்டது. நீ தேடுகிற சாப்பாட்டுக்கு அது ஊர் இல்லை. நீ போகிற மாதமும் தோதானது. மழை ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும்.

கெப்பில் நண்டுச் சந்தைதான் முக்கியம். கடலை ஒட்டியே இருக்கிறது. காலையிலேயே போய்விடு. கரையோரத் தண்ணீரில் கூடைகளைக் கட்டிப்போட்டு நண்டுகளை உயிரோடு வைத்திருப்பார்கள். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கூடையை இழுத்து வந்து கிலோ கணக்கில் விற்பார்கள். நம் பாக் நீரிணையில் பிடிக்கிற அதே நீலக்கால் நண்டு. உனக்கு அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, கனமானதாகப் பார்த்து எடு. வயிற்றில் முட்டை சுமப்பதை மட்டும் வாங்காதே. அதைக் கடலில் விட்டால்தான் அடுத்த வருஷமும் அந்தக் கூடைகள் நிறையும். வாங்கியதைப் பக்கத்துக் கடையில் கொடுத்தால் சின்னக் கூலிக்குச் சமைத்துத் தருவார்கள்.

பச்சை மிளகு போட்டு வதக்கச் சொல். கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகைக் கொத்துக் கொத்தாக, காம்போடு, பூண்டும், மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கிற மீன் சாறும், கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்து நண்டோடு வதக்குவார்கள். காம்பைப் பல்லால் உருவிச் சாப்பிட வேண்டும். முதலில் பச்சை வாசம், பிறகு மெல்ல ஏறுகிற காரம். நண்டின் இனிப்பை அது அமுக்குவதே இல்லை. மேசைத் துணி விரித்த பெரிய ஹோட்டல்களிலும் இதே பெயரில் கிடைக்கும், ஆனால் அங்கே கிரீமும் வெண்ணெயும் சேர்த்து மிளகைக் கொன்றுவிடுகிறார்கள். சந்தையில் கணவாயையும் இறாலையும் குச்சியில் செருகிக் கரியில் சுடுவார்கள். உப்பும் மிளகும் கலந்த எலுமிச்சைச் சாற்றில் தொட்டுச் சாப்பிடு.

அந்த மிளகுக்கே ஒரு கதை உண்டு. கம்போட், கெப் மாகாணங்களில் விளைவதற்குத்தான் கம்போட் மிளகு என்று பெயர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் பாரிஸ் வரை போனது. 1975 முதல் 1979 வரை பொல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சியில் தோட்டங்கள் அழிந்தன. திரும்பி வந்த குடும்பங்கள் ஒவ்வொரு கொடியாக மறுபடி நட்டு மீட்டெடுத்தன. 2010ல் கம்போடியாவிலும் 2016ல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தோட்டத்துக்காவது போய்ப் பார்.

அப்புறம் கம்போட் நகரம், கெப்பிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். வழியெல்லாம் உப்பளம். அங்கே காலைச் சாப்பாட்டைச் சந்தைக்குள்ளேயே முடித்துக்கொள். நும் பன்சோக் கேள். அரிசி நூடுல்ஸ் மேல் தேங்காய்ப்பால், காய்ந்த இறால், வேர்க்கடலை, இனிப்பான மீன் சாறு எல்லாம் ஊற்றி ஆறிய பதத்தில் தருவார்கள். சாயங்காலம் நும் க்ரோக் சுடுகிற கடை கண்ணில் பட்டால் நில். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் வெங்காயத்தாளும் சேர்த்துக் குழிச்சட்டியில் வார்ப்பது, நம் பணியாரம் மாதிரியே.

சைவம் சாப்பிடுகிற மீனாவுக்குத்தான் கொஞ்சம் சிரமம். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு விழும். வள்ளைக்கீரையைப் பூண்டு போட்டு வதக்குவது எல்லாக் கடையிலும் உண்டு. மீன் சாறு வேண்டாம், உப்பு போதும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அவர்களுடைய கெமர் மொழியில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. பழத்துக்குக் குறைவில்லை.

டாலரும் செல்லும், ஆனால் சந்தையில் அந்த நாட்டுப் பணமான ரியல் வைத்துக்கொள். ஒரு டாலருக்குச் சுமார் நாலாயிரம் ரியல்.

எனக்குக் கால் கிலோ சிவப்பு மிளகு, கொடியிலேயே பழுத்தது, வாங்கி வா. தோட்டத்திலேயே வாங்கு, பொட்டலத்தில் புவிசார் குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். பயணத் தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
சுந்தர்