எந்தக் கையில் பிழை?

ஆசிரியருக்கு,

வணக்கம். ‘வேதத்தில் பிழை இருக்கலாமா?’ என்று தங்கள் இதழில் நடந்துவரும் கடிதச் சண்டையில் இரு தரப்பும் ஒரே நம்பிக்கையின் மேல் நின்றுகொண்டுதான் மோதுகின்றன. ஒரு பிழை காட்டினால் போதும், முழுப் புத்தகமும் மனிதக் கற்பனை என்கிறார் ஒருவர். பிழையே இல்லை, காட்டுகிறவன் அவிசுவாசி என்கிறார் மற்றவர். இறைவன் அருளியதென்றால் சொல்லச் சொல்ல எழுதியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதை இருவருமே கேள்வியில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வேதாகமம் (பைபிள்) தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்கிறதா என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதமான 1 கொரிந்தியரின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். 14ஆம் வசனத்தில் பவுல், கிறிஸ்புவையும் காயுவையும் தவிர உங்களில் ஒருவருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்று கடவுளுக்கு நன்றி சொல்கிறார். இரண்டே வசனம் கழித்து, ஸ்தேவானின் வீட்டாருக்கும் கொடுத்தேன், வேறு யாருக்காவது கொடுத்தேனா தெரியாது என்கிறார். முதலில் சொன்னதை அடித்துவிட்டு எழுதவில்லை. தவறும் திருத்தமும் ஞாபகமறதியும் அப்படியே கடிதத்தில் கிடக்கின்றன. இது சொல்லச் சொல்ல எழுதியது என்றால், ஞாபகமறதி யாருடையது? அதே நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில் ஓரிடத்தில் ‘இது கர்த்தர் சொன்னது’ என்றும், இன்னோரிடத்தில் ‘இதை நான்தான் சொல்கிறேன், கர்த்தர் அல்ல’ என்றும் பிரித்துக் காட்டுகிறார். லூக்கா தன் நூலை விசாரித்து வரிசைப்படுத்தி எழுதியதாக முதல் நான்கு வசனங்களிலேயே சொல்லிவிடுகிறார். எழுதியவர்கள் தங்கள் கையை மறைக்கவில்லை. மறைப்பது பின்னால் வந்த நாம்.

ஆகவே பிழை உண்டா இல்லையா என்று கேட்பதற்கு முன், எந்தக் கையில் நுழைந்த பிழை என்று கேட்க வேண்டும். வசனம் நம்மிடம் வந்து சேர்வதற்குள் எழுதியவர், படியெடுத்தவர், மொழிபெயர்த்தவர், அச்சுக் கோத்தவர் என்று நான்கு கைகளாவது பட்டிருக்கின்றன. அச்சுக் கோத்தவர் கதை எளிது. 1631இல் லண்டனில் அச்சான ஒரு பதிப்பில் ஏழாம் கட்டளையில் ‘விபசாரம் செய்யாதிருப்பாயாக’ என்பது ‘விபசாரம் செய்வாயாக’ என்று வந்துவிட்டது. அச்சகத்தாருக்கு 300 பவுன் அபராதம். அதை யாரும் கடவுள் தலையில் கட்டவில்லை.

படியெடுத்தவர் கைதான் அதிகம் வேலை செய்திருக்கிறது. எண்களில் முதலில் தடுமாறும். 2 நாளாகமம் 21:20இன்படி யூதாவின் அரசன் யோராம் 32 வயதில் பட்டத்துக்கு வந்து 8 ஆண்டு ஆட்சி செய்து இறந்தான், ஆக, 40. அடுத்த அதிகாரம் 2ஆம் வசனத்தில் அவனுடைய கடைசி மகன் அகசியா பட்டத்துக்கு வரும்போது வயது 42. அப்பனைவிட மகன் இரண்டு வயது மூத்தவன்! 2 இராஜாக்கள் 8:26இல் அதே அகசியாவுக்கு 22. பழைய சிரியாக் பெயர்ப்பு நாளாகமத்திலும் 22 என்றே வாசிக்கிறது. எபிரெயப் படி எழுதிய யாரோ ஒருவர் கைதவறியதென்று கொள்வதில் எந்தச் சிக்கலும் இல்லை. இதைக் காப்பாற்றுவதற்காக ‘42 என்பது அகசியாவின் வயதல்ல, தாய்வழி மூதாதை உம்ரியின் வம்சத்துக்கான கணக்கு’ என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. வசனத்தில் இல்லாததை உள்ளே வைத்துத்தான் அந்த வசனத்தைப் பிழையற்றதாக்க முடிகிறது என்றால், அருளப்பட்டது வசனமா, விளக்கமா?

அடுத்தது, வரி தாண்டுவது. ஒரே சொல் அடுத்தடுத்து வரும் இடத்தில் கண் முதல் சொல்லிலிருந்து பின்னதற்குக் குதித்துவிடும். நடுவில் உள்ளது காணாமல் போகும். 1 சாமுவேல் 14:41இல் ‘இஸ்ரவேல்’ என்ற சொல் அப்படித்தான் ஒரு முழுப் பகுதியை விழுங்கியிருக்கிறது. பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்கப் பெயர்ப்பான செப்துவஜிந்தில் அந்தப் பகுதி அப்படியே இருக்கிறது. 145ஆம் சங்கீதம் நம் ஆத்திசூடி போல எழுத்து வரிசையில் கட்டப்பட்டது. எபிரெய எழுத்து 22. மரபான எபிரெயப் படியில் இருப்பதோ 21 வசனம்; ‘நூன்’ எழுத்துக்கான வரி இல்லை. செப்துவஜிந்தில் அது இருக்கிறது. 1947 முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் ஒன்றிலும் இருக்கிறது. கோலியாத்தின் உயரம் மரபான எபிரெயத்தில் ஆறு முழமும் ஒரு சாணும், அதாவது ஒன்பதரை அடிக்கு மேல். கும்ரான் சாமுவேல் சுருளில் நான்கு முழமும் ஒரு சாணும், ஏறக்குறைய ஆறேமுக்கால் அடி. ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டாவது பிடிக்காது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வகை, ஓரத்தில் எழுதிய குறிப்பு நடுவே புகுவது. 1871இல் வெளிவந்த பழைய தமிழ்ப் பெயர்ப்பில் 1 யோவான் 5:7 பரலோகத்தில் சாட்சியிடும் மூவரை, பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று சொல்கிறது. பின்னால் வந்த பெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்த வாக்கியம் இல்லை. ஆவியும் நீரும் இரத்தமும் மட்டுமே. யாரும் வெட்டியெடுக்கவில்லை. பழைய கிரேக்கப் படிகள் எதிலும் அது கிடையாது. இலத்தீன் வழியாக வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, நெருக்கடிக்குப் பின் 1522இல் சேர்த்தார். திரித்துவத்துக்கு ஆதாரம் கேட்டால் இந்த வசனத்தைக் காட்டாதீர்கள். வேறு இடங்கள் இருக்கின்றன.

இந்த மூன்றையும் கழித்த பிறகும் எழுதியவர் கையிலேயே நிற்கும் சில உண்டு. சண்டைக்குரியவை இவை மட்டுமே. மத்தேயு 27:9 முப்பது வெள்ளிக்காசு மேற்கோளை எரேமியா சொன்னதாகத் தருகிறது. அது பெரும்பாலும் சகரியா 11ஆம் அதிகாரம். முக்கியமான படிகளெல்லாம் ‘எரேமியா’ என்றே வாசிப்பதால் படியெடுத்தவர்மேல் பழி போட முடியாது. எரேமியாவின் பெயர் எப்படி வந்ததென்று தெரியவில்லை, அதற்காகப் பெரிதாக மெனக்கெடவும் இல்லை என்று சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வினே எழுதிவிட்டுப் போய்விட்டார். மாற்கு 2:26 தாவீது அப்பம் தின்றது அபியத்தார் பிரதான ஆசாரியனாயிருந்த காலம் என்கிறது; 1 சாமுவேல் 21இல் அகிமெலேக்கு. அதே நிகழ்ச்சியைச் சொல்லும் மத்தேயுவும் லூக்காவும் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். மாற்குவின் முதல் மெய்ப்புத் திருத்துநர்கள் சக சுவிசேஷகர்கள்தாம்!

இயற்கையைப் பற்றிய வாக்கியங்களை இதோடு சேர்க்கக் கூடாது. கடுகு விதைகளில் எல்லாம் சிறியது என்ற மத்தேயு 13:32ஐ எடுத்துக்கொண்டு, செண்பகனூர் அருங்காட்சியகத்தின் ஆர்க்கிட் செடிகளைக் காட்டி வாதாடலாம். ஆர்க்கிட் விதை தூசிபோல இருக்கும், ஒரே காயில் லட்சக்கணக்கில் கிடக்கும். ஆனால் அந்த வசனம் கலிலேயா விவசாயி விதைப்பதைச் சொல்கிறது, தாவரவியல் பட்டியல் போடவில்லை. லேவியராகமம் 11 முயல் அசைபோடுகிறது என்பதும் வௌவாலைப் பறவைகளோடு வைப்பதும் பார்த்த கண்ணின் வகைப்பாடு. பிழையின்மையை உறுதியாகப் பிடிக்கும் சுவிசேஷச் சபை அறிஞர்களின் 1978 சிகாகோ அறிக்கைகூட, கண்ணால் கண்டபடி இயற்கையைச் சொல்வதையும் முழு எண்களாகச் சொல்வதையும் பிழைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அறிக்கைக்கு வேறொரு விலை உண்டு. அருளப்பட்டது மூலக் கையெழுத்து மட்டுமே என்கிறது. மூலக் கையெழுத்து ஒன்றுகூட இன்று யாரிடமும் இல்லை. கையில் இல்லாத புத்தகத்துக்குப் பிழையின்மைச் சான்றிதழ் கொடுத்து, கையில் இருப்பதை வைத்துப் பிரசங்கம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இதைவிட நேர்மையான இடத்துக்கு மெல்ல வந்து சேர்ந்தது. 1893இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். 1943இல் பன்னிரண்டாம் பயஸ் அந்தந்தக் காலத்து எழுத்து வகைகளை ஆராயக் கதவைத் திறந்தார். 1965இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு, நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை மறைநூல் பிழையின்றிக் கற்பிக்கிறது என்கிறது. எதற்காக அருளப்பட்டதோ அதில்தான் அதன் அதிகாரம்.

‘எங்கள் வேதத்தில் இந்தத் தொல்லையே இல்லை’ என்று இந்து மரபைச் சொல்லி எழுதிய பழனி வாசகருக்கும் ஒரு சொல். பழைய தர்க்க நூலான நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்திலேயே எதிராளி வேதத்தின்மேல் மூன்று குற்றம் சாட்டுகிறான்: பொய், முரண், கூறியது கூறல். பிள்ளை வேண்டிச் செய்த வேள்விக்குப் பிள்ளை பிறக்கவில்லையே என்பது உதாரணம். செய்முறையிலோ, செய்தவனிலோ, பொருளிலோ குறை இருந்திருக்கும் என்பது பதில். அதை ஏற்பதும் விடுவதும் வாசகர் பாடு, ஆனால் கேள்வியை மூடி மறைக்கவில்லை. ஆதிசங்கரர் கீதை உரையில் இன்னும் துணிச்சல்: நெருப்பு குளிரும் என்று நூறு சுருதி (வேத வாக்கு) சொன்னாலும் அது பிரமாணமாகாது, காட்சிக்கு எட்டாத பொருளில்தான் சுருதிக்கு அதிகாரம். தேவாரத்தில் கிடைத்தவை 796 பதிகம் அளவில்தான், மற்றவை செல்லரித்தன என்பது மரபு. இருப்பதிலும் பாடபேதங்கள் உண்டு. அதனால் ஓதுவார் யாரும் பாடுவதை நிறுத்தவில்லை. குர்ஆனின் நிலை வேறு. அதை இஸ்லாமியர் சொல்லுக்குச் சொல் இறைவனின் பேச்சாகக் கொள்வதால் ‘எழுதியவர் கை’ என்ற இடமே அங்கே இல்லை. கிறித்தவர்களுக்குக் கேட்கும் கேள்வியை அப்படியே அங்கே கொண்டுபோனால் இரு பக்கமும் புரியாமல்தான் பேச வேண்டியிருக்கும்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கொடைக்கானலில் வசதி அதிகம். ஒரே தெருவில் பழைய பெயர்ப்பும் திருவிவிலியமும் வாங்கிவிடலாம். முரண் என்று தோன்றும் வசனத்தை முதலில் இரண்டிலும் பாருங்கள். வேறுபட்டால் அடிக்குறிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் படிகளின் வேறுபாடாக இருக்கும். இரண்டும் ஒத்திருந்தால் இணைப்பகுதிக்குப் போங்கள்: சாமுவேல், இராஜாக்களுக்கு நாளாகமம், மாற்குக்கு மத்தேயுவும் லூக்காவும். அங்கேயும் தீராதது ஆசிரியர் கைக்குரியது. அப்படி மிஞ்சுவதில் பெயரும் எண்ணும் காலமுமே பெரும்பகுதி. இதனால் அருளப்பட்டது என்பது நிரூபணமாகிவிடாது, அது வேறு வழக்கு. ஆனால் அபியத்தாரை வைத்து அந்த வழக்கைத் தள்ளுபடி செய்யவும் முடியாது.

அலட்சியமாக விடக்கூடாத ஓரிடம் உண்டு. மாற்கு 16ஆம் அதிகாரம் மிகப் பழைய கிரேக்கப் படிகளான சீனாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் 8ஆம் வசனத்தோடு முடிகிறது. பாம்பைப் பிடிப்பதும் விஷம் குடித்தாலும் சேதமில்லை என்பதும் நோயாளிகள்மேல் கைவைத்தால் குணமாவதும் வரும் 18ஆம் வசனம் பிற்சேர்க்கையில் உள்ளது. அமெரிக்க மலைச் சபைகளில் பாம்பு பிடிக்கும் வழிபாட்டைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார். நம் பக்கத்தில் பாம்பை விட்டுவிட்டு, அதே வசனத்தின் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வசனத்தின் முற்பாதியைப் பற்றிக் கேளுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கடிதங்களில் வசனம் அச்சிடும்போது எந்தப் பெயர்ப்பு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில் இரண்டையும் போட்டால் இந்தச் சண்டையில் பாதிக் கடிதங்களுக்கு வேலை இருக்காது.

இப்படிக்கு,
வாசகர்,
செண்பகனூர், கொடைக்கானல்.