ஆறு மாதக் கெடு யார் வைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரங்கூனில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையைத் தினமும் கைப்பேசியில் படிப்பவன். போன வாரம் மருத்துவப் பக்கத்தில் பக்கவாதம் பற்றி வந்த கட்டுரை, ஆறு மாதத்துக்குள் திரும்பாத அசைவு அதற்கப்புறம் திரும்பாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அதைப் படித்த அம்மா, அப்பா கண்ணில் படக்கூடாது என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு வலப்பக்கம் விழுந்து இது பதினாலாவது மாதம். இதே வரியை எங்களிடமும் ஒரு டாக்டர் சொன்னார், நாங்களும் நம்பினோம். நம்பி என்ன செய்தோம் என்றால், அப்பாவை ராஜா மாதிரி வைத்துக்கொண்டோம். இடது கையால் சாப்பிடுவதாவது என்று அவருக்கு ஒரே பிடிவாதம், அதனால் அம்மா ஊட்டினார், நான் சட்டை மாட்டிவிட்டேன், அந்த வலது கை பாட்டுக்கு மடியில் கிடந்தது. வீடு நான்காவது மாடியில், லிஃப்ட் கிடையாது. பிசியோதெரபி செய்பவர் சனிக்கிழமை மட்டும் படியேறி வந்து ஒரு மணி நேரம் பயிற்சி கொடுப்பார். மற்ற ஆறு நாளும் கைக்கு ஓய்வுதான்.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளிடம் பார்த்தது இதைத்தான். ஒரு கையின் உணர்வு நரம்பை வெட்டியதும் குரங்கு அந்தக் கையை அடியோடு விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டபோது, விட்டுவிட்ட கையால் எடுத்துத் தின்றது! கையைக் கைவிடுவதையும் மூளை கற்றுக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அதற்குப் பாடம் எடுத்தது நாங்கள்தான்.

செத்த மூளை செல் எழுந்து வராது, அது உண்மை. ஆனால் பக்கத்தில் பிழைத்திருக்கும் பகுதி அந்த வேலையை எடுத்துக்கொள்ள முடியும், வேலை கொடுத்தால். ராண்டால்ஃப் நூடோ என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 1996இல் காட்டியது இன்னும் கலக்கம் தருவது: குரங்கின் மூளையில் கைக்கான இடத்தில் சிறு சேதம் செய்து பயிற்சி கொடுக்காமல் விட்டபோது, அடிபடாமல் தப்பிய பகுதியிலும் கைக்கான இடம் சுருங்கியது. பயிற்சி கொடுத்தவற்றில் அந்த இடம் காப்பாற்றப்பட்டது. சும்மா இருந்தால் இருப்பதும் போகும் என்று இதை டாக்டர் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாகத் தேறும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் வாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது, 2006இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களுக்கு இரண்டு வாரம் நல்ல கையில் உறை மாட்டி, முடங்கிய கைக்கு மணிக்கணக்கில் வேலை கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் கை நன்றாகத் தேறியது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்திருந்தது. நல்ல கையைக் கட்டிப்போடும் இந்த முறையை டாப் மனிதர்களிடம் முதலில் சோதித்ததே வாதம் வந்து ஒரு வருடம் தாண்டியவர்களிடம்தான். அப்புறம் ஆறு மாதக் கெடு எங்கிருந்து வந்தது? ஒன்று சொல்லிவிடுகிறேன், மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது விரிய வேண்டும், முழுக்கச் செயலற்ற கைக்கு இந்த உறை முறை உதவாது. அவசரமும் ஆகாது. முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிகமாக நடமாட வைத்தவர்கள் சற்று மோசமாகவே தேறினார்கள் என்று 2,104 பேரிடம் நடந்த சோதனை 2015இல் சொன்னது.

எட்டாவது மாதத்தில் நாங்கள் அப்பாவிடம் கொடுத்தது கயிறு. ரங்கூன் நகருக்குள் பழைய மாடி வீடு தெரிந்தவர்களுக்குப் புரியும், பால்கனியிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்கும், நுனியில் கிளிப், பேப்பர்காரர் பேப்பரை மாட்டிவிட்டு மணி அடிப்பார், மொகிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கும் கடைப் பையனும் அப்படித்தான். இழுப்பது இனி அப்பா வேலை. ஆரம்பத்தில் இடது கை இழுக்கும், வலது கை பிடித்து நிறுத்தும், நழுவிப் பேப்பர் இரண்டு தடவை சாக்கடையில் விழுந்தது. "அவரை ஏன்டா படுத்துறே" என்று அம்மா என்னைத் திட்டாத நாள் இல்லை. நான்கு மாடிக் கயிறு என்றால் ஒரு தடவைக்கு முப்பது நாற்பது பிடி. அமெரிக்கா, கனடாவில் சிகிச்சை வகுப்புகளை எண்ணிப் பார்த்தபோது, கையால் ஒரு காரியம் செய்யும் அசைவு ஒரு வகுப்புக்குச் சராசரி 32தான் இருந்ததாம். இதை 2009இல் வெளியிட்டார்கள். எங்கள் அப்பா காலைச் சாப்பாட்டுக்கு முன்பே அதை முடித்துவிடுகிறார்!

இப்போது பேப்பரை வலது கையாலேயே ஏற்றுகிறார், மொகிங்கா பைக்கு மட்டும் இடது கை துணை. சோற்றைப் பிசைந்து பாதியைச் சிந்திக்கொண்டு தானே சாப்பிடுகிறார். கைலி முடிச்சு இன்னும் நிற்கவில்லை, அதற்கு அம்மாதான்.

இன்னொன்று. அதே பக்கத்தில் கட்டுரைக்குக் கீழேயே வாதத் தைல விளம்பரம். பர்மியர்கள் இந்த நோயை லே ப்யத், அதாவது காற்று வெட்டியது என்கிறார்கள், நம் வாதமும் காற்றுதான். அதனாலோ என்னவோ இரண்டு பேருமே தேய்த்து விரட்டப் பார்க்கிறோம். தேய்த்தால் சுகம்தான், ஆனால் அடுத்தவர் கை தேய்க்கும்போது அப்பாவின் மூளைக்கு என்ன வேலை?

அந்த வரிக்கு ஒரு திருத்தம், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அம்மா போனை வெளியே எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ரங்கூன்