நோபலோடு முடிந்துவிடவில்லை டைனமைட் கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த டைனமைட் கட்டுரையைப் படித்தேன். ஆல்பிரட் நோபலைப் பற்றி நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் அமெரிக்கர்கள் உரிமத்தை வாங்கிக் காசு பார்த்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. வெடிமருந்து ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போனவர்கள் என் தொழில்காரர்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

நோபலின் உரிமத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஜெயன்ட் பவுடர் கம்பெனி 1867இல் தொடங்கியது உண்மைதான். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் அதே ஊரில் என்ன நடந்தது என்று கட்டுரை சொல்லவில்லை. வெல்ஸ் பார்கோ என்ற சரக்கு அனுப்பும் கம்பெனியின் அலுவலகத்துக்கு வந்திருந்த நைட்ரோகிளிசரின் (டைனமைட்டுக்கு உயிரான வெடி எண்ணெய்) பெட்டி ஒன்று வெடித்துப் பலர் இறந்தார்கள். அதற்கப்புறம் அதை யார் ஏற்றிச் செல்வார்கள்? ஆனால் சியரா நெவாடா மலையில் கருங்கல்லைக் குடைந்துகொண்டிருந்த சென்ட்ரல் பசிபிக் ரயில்பாதைக்காரர்களுக்கோ கரிமருந்து, அதாவது வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த பழைய வெடிமருந்து, போதவில்லை. ஜேம்ஸ் ஹவ்டன் என்ற வேதியியலரை மலைக்கே அழைத்துப்போய், வேண்டிய நைட்ரோகிளிசரினைச் சுரங்கத்தின் அருகிலேயே காய்ச்ச வைத்தார்கள். கிழக்கே மாசசூசெட்ஸின் ஹூசாக் ரயில் சுரங்கப்பாதைக்கு ஜார்ஜ் மோப்ரே இதே வேலையைச் செய்தார். உறைந்த நைட்ரோகிளிசரின்தான் மிக ஆபத்தானது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். மோப்ரே அனுப்பிய தோட்டாக்கள் ஒருமுறை வழியில் உறைந்துபோய், வெடிக்க வைத்துப் பார்த்தும் வெடிக்கவில்லை. அதைக் கவனித்த மனிதர், பிறகு உறைய வைத்தே அனுப்பத் தொடங்கினார்.

எனக்கு இவர்கள் எல்லாரையும்விடப் பிடித்தவர் லாமோட் டூபான்ட். டூபான்ட் கம்பெனியை 1802இல் டெலவேரில் தொடங்கிய இரெனே, பிரான்சில் புகழ்பெற்ற வேதியியலர் லவாசியேவிடம் தொழில் பழகியவர். அவருடைய பேரன் இந்த லாமோட். முறையாக வேதியியல் படித்தவர். அப்போது கரிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து, பீகார் பக்கமிருந்து, கல்கத்தா வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தென் அமெரிக்காவின் சோடியம் நைட்ரேட் அதைவிட மலிவு. ஆனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று ஒதுக்கியிருந்தார்கள். அதை வைத்தே சுரங்க வேலைக்கான மருந்து செய்து 1857இல் காப்புரிமை வாங்கினார் லாமோட். குருணைக்குக் கிராபைட் பூச்சு கொடுத்து ஈரத்தைச் சமாளித்தார்கள். துப்பாக்கிக்குப் பழைய வெடியுப்பேதான் வேண்டியிருந்தது. அதனால் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்ததும், 1861இல், இதே லாமோட்தான் லண்டனுக்குப் போய் அரசாங்கத்துக்காக இந்திய வெடியுப்பை வாங்கிக் குவித்தார். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தகராறு மூண்டது. பிரிட்டிஷ் அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. தகராறு தீர்ந்த பிறகுதான் சரக்கு வெளியே வந்தது.

பிறகு 1880இல் நியூ ஜெர்சியில் ரெபானோ என்ற இடத்தில் டைனமைட் ஆலை போட்டார். நான்கே ஆண்டுகள். 1884 மார்ச் 29 அன்று நைட்ரோகிளிசரின் தொட்டி புகைவதாகத் தகவல் வந்து அங்கே போனவர் திரும்பவில்லை. கூட இருந்தவர்களும் போய்விட்டார்கள். முதலாளிதான், ஆனால் தொட்டி புகைந்தால் தானே போய் நிற்கிற முதலாளி. காசு பார்த்தார்கள் என்பதற்குள் இவரையும் அடக்கிவிடலாமா?

அதே ரெபானோவில்தான் 1902இல் ஈஸ்டர்ன் லேபரட்டரி என்ற ஆய்வுக்கூடம் வந்தது. அமெரிக்கத் தொழில்துறையின் ஆரம்பகால ஆய்வுக்கூடங்களில் ஒன்று. பொறுப்பேற்றவர் சார்லஸ் ரீஸ், ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். சாதாரண டைனமைட்டின் தொல்லை என்னவென்றால், 13 டிகிரி செல்சியஸிலேயே நைட்ரோகிளிசரின் உறைய ஆரம்பித்துவிடும். இங்கே குன்னூரில் மார்கழி இரவுகளில் அதற்கும் கீழே போகிறது. பென்சில்வேனியாவின் பனியைக் கேட்கவே வேண்டாம். உறைந்த தோட்டா சரியாக வெடிக்காது. அதை இளக வைக்க வெந்நீர்ப் பாத்திரம் உண்டு. ஆனால் அவசரத்தில் சுரங்கத் தொழிலாளி அடுப்பு மேலேயே வைத்துவிடுவார், இல்லை சட்டைக்குள் செருகிக்கொள்வார். இளகும்போது கசியும் எண்ணெய்க்கு லேசான தட்டு போதும். இப்படிச் செத்தவர்கள் ஏராளம். குளிரில் சீக்கிரம் உறையாத டைனமைட்டை ரீஸின் ஆட்கள் செய்து கொடுத்தார்கள். காப்புரிமை, லாபம் எல்லாம் கம்பெனிக்குத்தான், மறுக்கவில்லை. அடுப்பைத் தேட வேண்டிய அவசியம் குறைந்தது தொழிலாளிக்கு.

நிலக்கரிச் சுரங்கக் கதை தனி. 1907 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்காவில் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 362 பேர் இறந்த பிறகு, அரசாங்கம் பிட்ஸ்பர்கில் சோதனை நிலையம் அமைத்தது. சுமார் 100 அடி நீள இரும்புக் குழாயில் வாயுவையும் கரித்தூளையும் நிரப்பி அதற்குள் மருந்தை வெடித்துப் பார்ப்பார்கள். குழாய் பற்றிக்கொண்டால் அந்த மருந்துக்குச் சுரங்கத்தில் அனுமதி இல்லை. இந்தச் சோதனையில் தேறுகிற மருந்தைத் தயாரிப்பதும் ரீஸின் கூடத்துக்கு ஒரு வேலையானது.

ஆய்வு என்றால் வாசகர்கள் பெரிதாக எதையோ கற்பனை செய்துகொள்வார்கள். நான் செய்தது இதுதான்: 71 டிகிரி நீர்த்தொட்டியில் சோதனைக் குழாய், குழாய்க்குள் மருந்தின் மாதிரி, மேலே தொங்கும் ஒரு துண்டுத் தாள். தாளில் பழுப்புக் கோடு சீக்கிரம் விழுந்துவிட்டால் அமிலம் சரியாகக் கழுவப்படவில்லை என்று பொருள். "சார், விடலாமா?" என்று வாசலில் ஷிப்ட் மேற்பார்வையாளர் நிற்பார். நம் கண் தாளிலும் கடிகாரத்திலும்தான் இருக்கும். லீவு முடிந்து திரும்பிய முதல் நாள் நைட்ரோகிளிசரின் நெடியில் தலை பிளந்துவிடும். அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிலாளிகள் இந்தத் தலைவலிக்குப் பயந்து, விடுமுறை நாட்களிலும் உடம்பு பழக்கம் விடாமலிருக்கத் தொப்பிப் பட்டையில் துளி டைனமைட்டைத் தடவிக்கொள்வார்களாம்!

தொடரின் அடுத்த பகுதி துப்பாக்கிப் பஞ்சு (பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் வெடிபொருள்) பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அமெரிக்க வேதியியலர் சார்லஸ் மன்றோவை விட்டுவிட வேண்டாம். நியூபோர்ட் கடற்படை நிலையத்தில் 1888இல் அந்தப் பஞ்சுக் கட்டியை இரும்புத் தகட்டின் மேல் வைத்து வெடித்தபோது, கட்டியில் குழிவாகப் பதித்திருந்த எழுத்துகள் தகட்டிலும் அப்படியே குழிந்திருந்ததைக் கண்டு, அது ஏன் என்று ஆராய்ந்தவர் அவர். படம் போட இடமிருந்தால் நோபலின் படத்தையே மறுபடி போடாமல் ரெபானோ ஆய்வுக்கூடத்தின் படத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை வேதியியலர்,
குன்னூர்.