சூரல்மலையில் பாலம் போட்ட தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கு,

மதராஸ் சாப்பர்ஸ் என்ற உங்கள் பொறியியல் படை வீரர்களை ராணுவத்தில் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்களாம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அக்காவுக்கு இன்றும் தெரியாது. ஆனால் அன்று தன்னைக் கைபிடித்து ஆற்றைக் கடத்திவிட்டவரிடம் ‘மெதுவா தம்பி, மெதுவா’ என்று சொல்லிக்கொண்டே வந்ததாம். அவர் உங்கள் ஆளா, கண்ணூரிலிருந்து வந்த படையைச் சேர்ந்தவரா என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. அந்தச் சேற்றில் எல்லாச் சீருடையும் ஒரே நிறம்.

2024 ஜூலை 30 அதிகாலை கேரளத்தின் வயநாட்டில் மலை சரிந்ததில் சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் நடுவே இருந்த பாலம் போய்விட்டது. அக்காவும் அத்தானும் முண்டக்கைப் பக்கம், எஸ்டேட் பாடியில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில். நான் கூடலூரில். போன் போகவில்லை. சேரம்பாடி வழியாக மேப்பாடி போய்ச் சேர்ந்தபோது, முகாமில் ஒரு போர்வைக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தானின் அம்மா மட்டும் இல்லை.

மறுநாள் தொடங்கி நீங்கள் பாலம் போட்டதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். டெல்லியிலிருந்து விமானத்தில் கண்ணூர் வந்து, அங்கிருந்து லாரியில் வந்த இரும்பு. பத்தடிச் சட்டம் ஒன்று கால் டன்னுக்கு மேல். ஆறு பேர் சேர்ந்து தூக்குகிறீர்கள். கரையிலேயே கோத்து, உருளை மேல் வைத்து, அக்கரை நோக்கித் தள்ளுகிறீர்கள். 190 அடி என்றால் அப்படிப் பத்தொன்பது கண்ணி. மழை விடவில்லை, இரவிலும் வேலை நிற்கவில்லை. உங்கள் மேஜர் சீதா ஷெல்கே அந்த இரும்புகளுக்கு நடுவே நின்ற படம் பிறகு எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆகஸ்ட் 1 மாலை பாலம் முடிந்தது.

உயிரோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே கயிறிலும் பலகையிலும் ஹெலிகாப்டரிலும் வந்துவிட்டார்கள். அப்புறம் எதற்கு 24 டன் தாங்கும் பாலம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. மண்ணைத் தோண்டும் எந்திரம் அக்கரை போக வேண்டுமே, அதற்குத்தான். அத்தானின் அம்மா கிடைத்தது அந்த எந்திரங்கள் போன பிறகு. அடையாளம் காட்ட ஒரு வளையல் இருந்தது. முறைப்படி அடக்கம் செய்தோம். உங்களுக்கு நான் எழுத நினைத்த நன்றி இதற்குத்தான். மற்றதற்கெல்லாம் ஊரே சொல்லிவிட்டது.

இன்னும் சிலருக்கும் சொல்ல வேண்டும். ராணுவம் தானாகப் புறப்பட்டு வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அரசு நிர்வாகம் கேட்க வேண்டுமாம். வந்த பிறகும் நிர்வாகத்தோடு கலந்துதான் வேலையாம். யார் வீட்டில் எத்தனை பேர், அந்த வீடு எங்கே இருந்தது என்று முகாமில் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிய வருவாய்த் துறை ஊழியர்களுக்கு நன்றி. அத்தான் அழுது முடிக்கும்வரை பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார் ஒருவர். தீயணைப்புத் துறைக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கும் நன்றி. மருந்துப் பெட்டியோடு கம்பிக் கயிற்றில் தொங்கியபடி அக்கரை போன எங்கள் கூடலூர் செவிலியர் சபீனாவுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. சரி, அதற்காக நாங்கள் சொல்லாமல் இருக்க முடியுமா? நன்றி, சகோதரி.

ஆகஸ்ட் 8 அன்று உங்களில் பெரும்பகுதியினரை வயநாட்டில் வழியனுப்பினார்கள். அன்று நாங்கள் துக்க வீட்டில் இருந்ததால் வர முடியவில்லை.

கடைசியாக ஒன்று. ஆற்றைக் கடக்கும்போது அந்தத் தம்பி தன் மழைக்கோட்டைக் கழற்றி அக்காவுக்குப் போட்டுவிட்டார். திருப்பிக் கொடுக்கப் பெயர் கேட்கவில்லையே என்று அக்கா இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறது. துவைத்து மடித்து பீரோவில் வைத்திருக்கிறோம். இடது கைப்பக்கம் கொஞ்சம் கிழிந்திருந்ததைத் தைத்தாயிற்று. கூடலூர் வழியாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி
கூடலூர், நீலகிரி