தாங்கும் செல்களையும் கணக்கில் எடுங்கள்: எலும்பு மஜ்ஜை வளர்ப்பு ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

மஜ்ஜையின் இரத்தக் குருத்தணுக்களை (இரத்த செல்களை உருவாக்கும் மூல செல்களை) ஐந்து வாரம் வளர்த்த முடிவில் காலனிகள், அதாவது அவற்றிலிருந்து பெருகிய செல் கொத்துகள், குறைந்தால், "மாதிரி சரியில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறோம். அவற்றுக்கு அடியில் படுகையாக விரித்திருந்த ஸ்ட்ரோமா செல்கள் (மஜ்ஜையின் தாங்கும் செல்கள்) எப்படி இருந்தன என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வழக்கமாக்கும்படி வேண்டுகிறோம்.

தனித்து விடப்பட்ட இரத்தக் குருத்தணு முதிர்ந்து தீர்ந்துபோகும். மஜ்ஜையில் இரத்த நுண்குழல்களை ஒட்டியிருக்கும் இணைப்புத்திசு செல்கள்தான் அதைக் காக்கின்றன. அவை சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம், குருத்தணுவின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியோடு இணைந்து அதை இடத்திலேயே இருத்துகிறது. ஸ்டெம் செல் ஃபேக்டர் என்ற இன்னொரு புரதம் குருத்தணு பிழைத்திருக்க உதவுகிறது. இந்தப் பிடியின் வலுவை பிளெரிக்சாஃபோர் மருந்தில் பார்க்கலாம்: ஏற்பியை அது அடைத்த சில மணி நேரத்திலேயே குருத்தணுக்கள் இரத்தத்தில் இறங்கிவிடுகின்றன.

ஆகவே படுகையைத் தயாரிப்பதில் கைச்சிக்கனம் வேண்டாம். படுகை செல்கள் பெருகாமல் நிறுத்த, மனித மஜ்ஜை ஸ்ட்ரோமாவுக்கு 15 கிரே (கதிர்வீச்சு அலகு), எம்2-10பி4 என்ற சுண்டெலி ஸ்ட்ரோமா செல்களுக்கு 80 கிரே கதிர்வீச்சு பரவலாகக் கையாளப்படும் அளவு. அது குறைந்தால் படுகை செல்களே பெருகி, நெருக்கியடித்து, ஓரத்திலிருந்து பாய்போல் சுருண்டு கிளம்பும். மேலிருந்த குருத்தணுக்களும் அதோடு போய்விடும். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 1 மைக்ரோமோல் வீதம் அவ்வப்போது புதிதாகச் சேருங்கள். கரைசலில் அது நாளடைவில் வலுவிழக்கும். வாரம் ஒருமுறை பாதி ஊடகத்தை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் எடுத்தால் ஸ்ட்ரோமா சுரந்து சேர்த்ததும், மிதக்கும் செல்களும் வெளியேறிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தகைய ஸ்ட்ரோமா செல்களுக்கு 2006-இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, செல்லின் மேற்பரப்புக் குறியீடுகளான சிடி105, சிடி73, சிடி90 மூன்றும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட செல்களில், சிடி45 போன்றவை 2 விழுக்காட்டுக்குள் என்று அறிக்கை வந்ததும் நிம்மதியடைகிறோம். அது செல்லின் அடையாளம் மட்டுமே. குருத்தணுவைத் தாங்கும் திறனை அது அளப்பதில்லை. பலமுறை பிரித்து வளர்த்த ஸ்ட்ரோமா, அடையாளம் மாறாமலே அத்திறனை இழக்கலாம்.

அத்திறனை அறிய நேரடியான வழி, ஒரே தொகுதியில் உறையவைத்த சிடி34 செல்களை (அந்தக் குறியீடு கொண்ட, குருத்தணுக்கள் அடங்கிய செல்களை) ஒவ்வொரு புதிய படுகையின்மேலும் விதைத்துப் பார்ப்பது. அங்கும் காலனிகள் சரிந்தால் குறை படுகையில்தான். நோயாளியின் மாதிரியைக் குற்றம் சொல்லாதீர்கள்.

காலனி எண்ணிக்கையை எழுதும் அதே வரியில் படுகையின் தொகுதி எண், எத்தனையாவது பிரிப்பு, கதிர்வீச்சு அளவு, விரித்த தேதி ஆகியவற்றையும் எழுதச் செய்யுங்கள். அடுத்த தொகுதியிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஸ்ட்ரோமா வளர்ப்பில் பணியாற்றுவோர்