பாலஸ்தீன–இஸ்ரேல் வரலாற்றுப் பலகைகளைத் திருத்தித் தந்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே, வணக்கம்.

இஸ்ரேலியருக்கும் பாலஸ்தீனருக்கும் இடையிலான மோதல் எப்படித் தொடங்கியது என்பதை 1858 முதல் 1949 வரை பதினான்கு பலகைகளாகத் தமிழில் தொகுத்தோம். பள்ளி, கல்லூரிச் சுவர்களில் மாட்டுவதற்கானவை. முதல் அச்சை வரி வரியாகப் படித்து, பிழைகளைச் சுழித்து அனுப்பியவர்கள் நீங்கள். திருத்திய அச்சு இப்போது தயார். உங்களில் பலர் பெயர் வேண்டாம் என்றதால், செய்த வேலையை மட்டும் சொல்லி நன்றி கூறுகிறோம். இதே முயற்சியில் இறங்குவோருக்கும் இந்த விவரங்கள் கைகொடுக்கும்.

முதல் பலகையில் 'ஈராயிரம் ஆண்டுப் பகை' என்று தலைப்பிட்டிருந்தோம். அதை எடுக்கச் சொன்ன வரலாற்று ஆசிரியருக்கு முதல் நன்றி. ஒட்டோமான் (துருக்கியப் பேரரசு) ஆட்சியில் எருசலேம், ஹெப்ரோன், சஃபெத், திபேரியா ஆகிய ஊர்களில் யூதர்கள் சிறு சமூகங்களாக வாழ்ந்துவந்தார்கள். இன்றைய மோதல் அந்தக் காலத்துப் பகையின் நீட்சி அல்ல. 1881-க்குப் பின் ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது நடந்த தாக்குதல்கள், பாலஸ்தீனத்துக்கு 1882-ல் தொடங்கிய யூதக் குடியேற்றம், அங்கே யூதர்களுக்குத் தாயகம் கோரிய சீயோனிய இயக்கத்துக்காக 1897-ல் பாசல் நகரில் தியோடர் ஹெர்சல் கூட்டிய முதல் மாநாடு ஆகியவை ஒரு பக்கம். அதே காலத்தில் வளர்ந்த அரபு தேசிய உணர்வு மறுபக்கம். இரண்டும் ஒரே மண்ணைக் கேட்டன. தலைப்பை 'ஒரு நிலம், இரு தேசிய இயக்கங்கள்' என்று மாற்றிவிட்டோம்.

இரண்டாம் பலகையை ஏறக்குறைய முழுதாக மாற்றி எழுதித் தந்த ஓய்வுபெற்ற நில அளவையருக்கு நாங்கள் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். 1858-ன் ஒட்டோமான் நிலச் சட்டம், நிலத்தை ஒரு பெயரில் பதியச் சொன்னது. பதிந்தால் வரி வரும், பிள்ளைகளைப் படைக்குப் பிடிப்பார்கள் என்று அஞ்சிய குடியானவர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். நிலம் நகரத்துப் பெருங்குடும்பங்களின் பெயரில் ஏறியது. நம் ஊர் வழக்கில் சொன்னால், பட்டா ஒருவர் பெயரில், ஏர் இன்னொருவர் கையில். பெய்ரூட்டின் சுர்சோக் குடும்பம் இப்படிப் பெற்ற நிலங்களை விற்றபோது, தலைமுறைகளாக உழுதவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. வாங்கியவர்கள் முறைப்படி விலை கொடுத்தார்கள் என்பதும் உண்மை, உழுதவர்கள் பிழைப்பை இழந்தார்கள் என்பதும் உண்மை. 1910-ல் அல்-ஃபூலா கிராம நிலம் கைமாறியபோது, நாசரேத்தின் ஒட்டோமான் நிர்வாகி சுக்ரி அல்-அசலி பெயர் மாற்ற மறுத்து எதிர்த்தார். யூதர்களுக்கு அங்கே தேசிய இல்லம் அமைய பிரிட்டன் ஆதரவு தந்த பால்ஃபர் அறிவிப்புக்கு ஏழு ஆண்டுகள் முன்பே எதிர்ப்பு இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அளவையிலும் அவர்தான் எங்களைக் காப்பாற்றினார். அங்கே நிலத்தைத் துனாமில் அளப்பார்கள். பழைய ஒட்டோமான் துனாம் 919 சதுர மீட்டர். முதல் உலகப் போருக்குப் பின் பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷார் 1928-ல் அதை 1,000 சதுர மீட்டராக்கினார்கள், அதாவது ஏறத்தாழ 24.7 சென்ட். பழைய கணக்கையும் புதியதையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் எட்டு விழுக்காடு பிசகும். இப்போது எண்களை எல்லாம் சதுர கிலோமீட்டரிலும் தந்திருக்கிறோம். பாலஸ்தீனத்தின் முழுப் பரப்பு ஏறத்தாழ 26,300 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு.

அடுத்தது மொழி உதவி. 1915 அக்டோபரில் எகிப்தின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் மக்மஹோன் மக்காவின் ஆட்சியாளர் ஷரீஃப் ஹுசைனுக்கு எழுதிய கடிதத்தில், அரபு விடுதலை வாக்குறுதியிலிருந்து விலக்கப்பட்ட பகுதி 'டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ மாவட்டங்களுக்கு மேற்கே உள்ளது' என்று இருக்கிறது. 'மாவட்டங்கள்' என்பதற்கு அரபியில் வந்த சொல் 'விலாயத்'. அதை ஒட்டோமான் மாகாணம் என்று கொண்டால், டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்ட சிரியா மாகாணம் தெற்கே வெகுதூரம் நீள்வதால் பாலஸ்தீனம் அதற்கு மேற்கே விழுந்து விலக்கப்பட்டுவிடும். நகரும் சுற்றுப்புறமும் என்று கொண்டால், மேற்கே இருப்பது லெபனான் கரை மட்டும். அப்போது பாலஸ்தீனம் வாக்குறுதிக்குள் வந்துவிடும். ஹோம்ஸும் ஹமாவும் மாகாணங்களாகவே இருந்ததில்லை என்பது சிக்கலை இன்னும் முறுக்குகிறது. இதை மூலத்தோடு ஒப்பிட்டு விளக்கிய அரபுப் பேராசிரியருக்கு நன்றி. நாங்கள் 'மாகாணம்' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தோம். அது பிரிட்டிஷ் தரப்பின் பொருளை எங்களை அறியாமலே ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பு.

இன்னொரு பிழை ஒரே ஒரு வேற்றுமை உருபில் இருந்தது. 1917 நவம்பர் 2 தேதியிட்ட பால்ஃபர் அறிவிப்பு, ஆங்கிலத்தில் 67 சொற்கள். நாங்கள் 'பாலஸ்தீனத்தை யூதர்களின் தேசிய இல்லமாக்க' என்று எழுதிவிட்டோம். அது ஜூலை 1917-ல் சீயோனியத் தரப்பு கொடுத்த வரைவுக்குப் பொருந்தும். அமைச்சரவை இறுதியில் ஏற்றதோ 'பாலஸ்தீனத்தில் ஒரு தேசிய இல்லம்'. 'ஐ' எங்கே, 'இல்' எங்கே! முப்பது ஆண்டுச் சர்ச்சை இந்த இடைவெளிக்குள் இருக்கிறது. அதே மூலத்தில், மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்கினரான அரபுகள் பெயரால் குறிக்கப்படவே இல்லை, 'அங்குள்ள யூதரல்லாத சமூகங்கள்' என்றே வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டவை குடிமை உரிமைகளும் சமய உரிமைகளும் மட்டுமே, அரசியல் உரிமை இல்லை. உருபைப் பிடித்த தமிழாசிரியருக்கு எங்கள் வணக்கம். அமைச்சரவையில் இருந்த ஒரே யூதரான எட்வின் மாண்டேகு இந்த அறிவிப்பை எதிர்த்தார் என்ற குறிப்பைச் சேர்க்கச் சொன்னவரும் அவரே. மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் படித்த மாணவருக்குப் பழகிய பெயர் அது.

ஊர்ப் பெயர்களில் கிறித்தவ, இசுலாமிய, ஈழத்து வாசகர்கள் மூவரும் உதவினீர்கள். எபிரோன், ஹெப்ரோன், அல்-கலீல் ஒரே ஊர். எருசலேம், ஜெருசலேம், அல்-குத்ஸ் ஒரே நகரம். இலங்கையில் 'பலஸ்தீனம்' என்று எழுதுவார்கள். வரைபடத்தில் இரு தரப்புப் பெயரையும் ஒரே எழுத்தளவில் போட்டு, பின்பக்கம் பெயர்ப் பட்டியல் வைத்துவிட்டோம்.

பாலஸ்தீன நிலம் படிப்படியாகச் சுருங்கியதைக் காட்டுவதாகப் பலரும் பகிரும் நான்கு வரைபட வரிசையை நாங்களும் ஒன்பதாம் பலகையில் போட்டிருந்தோம். நீக்கச் சொன்ன புவியியல் ஆசிரியர் சொன்னது சரி. முதல் படம் காட்டுவது தனியார் நிலவுடைமை. இரண்டாவது 1947-ன் பிரிவினைத் திட்டம், நடைமுறைக்கு வராத ஒன்று. மூன்றாவது போர்நிறுத்தக் கோடு. நான்காவது நிர்வாக அதிகாரம். நான்கு வெவ்வேறு பொருள்களை ஒரே நிறத்தில் தீட்டினால் கணக்கு தப்பும். 1940-களின் நடுவில் யூதர் உடைமை மொத்தப் பரப்பில் 6 முதல் 7 விழுக்காடு. மீதி எல்லாமே அரபுத் தனியார் நிலம் என்று தீட்டுவது பிழை, ஏறத்தாழ பாதி நிலப்பரப்பு பீர்ஷேபா வட்டம். அது ஆளில்லாப் பாலை என்பதும் பிழைதான், பதூவின் மக்கள் அங்கே உழுதும் மேய்த்தும் வாழ்ந்தார்கள். இப்போது உடைமைக்கு ஒரு படம், மக்கள்தொகைக்கு ஒரு படம், பிரிவினைத் திட்டத்தை ஏற்ற ஐ.நா. தீர்மானம் 181-க்கு ஒரு படம் எனத் தனித்தனியே வைத்திருக்கிறோம். அத்தீர்மானம் 1947 நவம்பர் 29 அன்று 33-க்கு 13 என்ற வாக்கில் நிறைவேறியது, 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. அதற்கு முன் ஐ.நா. சிறப்புக் குழுவில் ஈரானோடும் யுகோஸ்லாவியாவோடும் சேர்ந்து கூட்டாட்சித் திட்டத்தை முன்வைத்திருந்தது.

இஸ்ரேல் உருவாகிப் போர் நடந்த 1948-ன் பலகைதான் மிகக் கடினம். தெய்ர் யாசின் என்ற அரபு ஊரில் ஏப்ரல் 9 அன்று இர்குன், லெஹி என்ற யூத ஆயுதக் குழுக்கள் செய்த படுகொலையில் 254 பேர் இறந்ததாக எழுதியிருந்தோம். அன்று பரவிய எண் அது. பிர்ஸைட் பல்கலைக்கழகத்தின் பாலஸ்தீன ஆய்வாளர்கள் பின்னர் குடும்பம் குடும்பமாக விசாரித்து 107 என்று கண்டார்கள். எண் குறைந்ததால் கொடுமை குறையவில்லை. செய்தி பரவிய வேகத்தில் பல ஊர்கள் அச்சத்தில் காலியானதும் மாறவில்லை. நான்கு நாள் கழித்து யூதர்களின் ஹதஸ்ஸா மருத்துவமனைக்குச் சென்ற வாகன வரிசை அரபுப் படையினரால் தாக்கப்பட்டு, மருத்துவர்களும் செவிலியர்களும் உட்பட 78 பேர் கொல்லப்பட்டதையும் சேர்க்கச் சொன்னீர்கள். சேர்த்துவிட்டோம். பாலஸ்தீன அரபுகளைப் பற்றிய 'ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர்' என்ற மொட்டை வரியைப் பிரித்து, ஜூலையில் லித்தா, ரம்லா நகரங்களில் கட்டளையிட்டு விரட்டியதைத் தனியாகவும், சண்டைக்கு அஞ்சி ஓடியதைத் தனியாகவும் எழுதினோம். இரு வகையினரும் திரும்ப அனுமதிக்கப்படவில்லை என்பதைத் தடித்த எழுத்தில் போட்டோம். அரபு நாடுகளிலிருந்து பின்னர் வெளியேற நேர்ந்த யூதர்களுக்கும் ஒரு பத்தி உண்டு.

தேதி வைப்போர் கவனிக்க: இஸ்ரேல் தன் சுதந்திர நாளை எபிரேய நாட்காட்டிப்படி கொண்டாடுவதால் ஆண்டுதோறும் நகரும். 1948-ல் வீடும் நிலமும் இழந்ததைப் பாலஸ்தீனர் நினைவுகூரும் நக்பா நாள் மே 15-ல் நிற்கும்.

கடைசி நன்றி அச்சகத் தோழருக்கு. 1948 நவம்பர் 30 அன்று இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானும் ஜோர்டான் தரப்புத் தளபதி அப்துல்லா அல்-தல்லும் எருசலேமில் 1:20,000 அளவு வரைபடத்தில் மெழுகுப் பென்சிலால் போர்நிறுத்தக் கோடு கிழித்தார்கள். கோட்டின் தடிமன் 3, 4 மில்லிமீட்டர். தரையில் அது 60 முதல் 80 மீட்டர். கோட்டுக்கு அடியில் மாட்டிய வீடும் தெருவும் யாருக்கு என்பது எழுதப்படவில்லை. நாங்கள் மெல்லிய கோடாக வரைந்திருந்ததை அழித்து, அதே 4 மில்லிமீட்டர் தடிமனில், அதே அளவுகோலில் அச்சிட்டவர் அவர். ஆகவே பதினான்காம் பலகையை மட்டும் பெரிதாக்கியோ சுருக்கியோ அச்சிட வேண்டாம். மாட்டும்போது கண்மட்டத்தில் மாட்டி, பக்கத்தில் ஓர் அளவுகோலைத் தொங்கவிடுங்கள்.

நன்றியுடன்,
பலகைத் தொகுப்புக் குழுவினர்