தேனீக்களின் குளிர்காலம் ஓகஸ்ட்டிலேயே தொடங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வீட்டுத்தோட்டப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையில், ஒன்ராறியோவில் புதிதாகத் தேனீ வளர்க்கத் தொடங்குபவர்கள் முதற் குளிர்காலத்திலேயே கூட்டங்களை இழந்துவிடுவதற்குக் கடுங்குளிரே காரணம் என்றும், பெட்டியைக் காற்றுப் புகாதபடி போர்த்திவிட்டால் தேனீக்கள் பிழைத்துக்கொள்ளும் என்றும் எழுதப்பட்டிருந்தது. டூரம் பிரதேசத்தில் நண்பர் ஒருவரின் பண்ணையோரத்தில் ஒன்பது ஆண்டுகளாகச் சில பெட்டிகள் வைத்திருப்பவன் நான். இதே ஆலோசனையை நம்பி முதலாம் ஆண்டில் ஒரு கூட்டத்தை முழுமையாகப் பறிகொடுத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

வெளியே வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் தேனீக்கள் அடைகளுக்கிடையே ஒன்றையொன்று நெருக்கிப் பந்துபோலத் திரண்டுகொள்கின்றன. உள்ளே இருப்பவை சிறகை அசைக்காமல் பறப்புத் தசைகளை மட்டும் நடுங்கவைத்துச் சூடு உண்டாக்க, புறத்தே இருப்பவை தலையை உள்நோக்கி வைத்து அடுக்கடுக்காக நின்று அந்தச் சூடு வெளியேறாமல் காக்கின்றன. மைனஸ் 20 பாகைக் குளிரடிக்கும் தை மாதத்து நாளொன்றில் பெட்டியின் பக்கப் பலகையில் காதை வைத்தால், தூரத்தில் மழை பெய்வதுபோன்ற மெல்லிய இரைச்சல் கேட்கும். (மூடியைத் திறந்து பார்த்துவிடும் ஆசையை அடக்கிக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.) கனடாவின் மாகாணங்களில் அதிகமான தேனீக்கூட்டங்களைக் கொண்டது, நம்மைவிடக் கடுங்குளிர் நிலவும் அல்பேர்ட்டா என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

அப்படியானால் பனி உருகியபின் திறக்கும் பெட்டிகள் ஏன் வெறுமையாகக் கிடக்கின்றன? பெரும்பாலான வேளைகளில் அந்தச் சாவுக்கு வித்து முந்திய கோடையில் இடப்பட்டிருக்கும். கோடையில் பிறக்கும் பணித்தேனீ ஆறு வாரமளவில் உழைத்து முடிந்துவிடுகிறது. ஓகஸ்ட் பிற்பகுதியிலிருந்து இலையுதிர் காலம் வரை பிறப்பவையோ உடலில் கொழுப்பையும் புரதத்தையும் சேமித்துக்கொண்டு நான்கு முதல் ஆறு மாதம் வரை வாழவல்லவை. ஏப்ரல் வரை கூட்டத்தைத் தாங்கிச் செல்பவை இவையே. 1989 இல் கனடாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வரோவா உண்ணி சரியாக இந்தத் தலைமுறையைத்தான் பிடிக்கிறது. தேனீப்புழு வளரும் மெழுகறையான புழுவறை மூடப்படுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே நுழைந்து, மூடிக்குக் கீழே குஞ்சு பொரித்து, வளரும் தேனீயின் கொழுப்புத் திசுவை உண்பதோடு, சிறகைச் சுருங்கவைக்கும் நச்சுயிரியையும் பரப்புகிறது. இவ்வாறு நலிந்து பிறந்த தேனீக்கள் மார்கழியிலேயே ஒவ்வொன்றாக உதிர, எஞ்சிய கைப்பிடியளவு கூட்டத்தால் தன்னைச் சூடாக வைத்திருக்க முடிவதில்லை. கடைசி அடியைக் குளிர் அடிப்பதால் பழி அதன்மேல் விழுகிறது. கனடா முழுவதிலும் 45 வீதத்துக்கு மேற்பட்ட கூட்டங்கள் அழிந்துபோன 2021–22 குளிர்காலத்துக்குப் பின்னரும் முக்கிய காரணங்களுள் ஒன்றாகப் பேசப்பட்டது இவ்வுண்ணியே.

நம்மவர்கள் இதில் ஏமாறிவிடுவதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. ஊரில் மரப்பொந்திலும் மண்பானையிலும் குடியிருக்கும் தேனீ ஆசிய இனத்தைச் சேர்ந்தது. உண்ணியின் பூர்வீக வீடும் ஆசியத் தேனீயே. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்ததால் அது உண்ணியைக் கண்டு களையப் பழகியிருக்கிறது. இங்கு நாம் வளர்க்கும் ஐரோப்பியத் தேனீக்கு அந்தத் திறமை போதாது. எனவே ஊரில் பெட்டியைத் தன்பாட்டில் விட்டதுபோல் இங்கே விடமுடியாது. ராணி இல்லாத, அடை கட்டிய மரச்சட்டம் ஒன்றிலிருந்து அரைக் கோப்பை தேனீக்களை, அதாவது ஏறத்தாழ 300 தேனீக்களை, மதுசாரத்தில் இட்டுக் குலுக்கினால், தட்டையாக்கிய குரக்கன் மணிபோன்ற செம்பழுப்பு உண்ணிகள் அடியில் தங்கும். ஓகஸ்ட்டில் அவை ஒன்பதைத் தாண்டினால் மருந்திடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. முந்நூறு தேனீக்களைக் கொல்வதா என்று மனம் சங்கடப்படும், எனக்கும் பட்டது. ஆனால் இலையுதிர் காலத்து மஞ்சள் பூவான கோல்டன்ரொட் தேனுக்கு ஆசைப்பட்டுத் தேனறைகளை விட்டுவைத்து, செப்ரெம்பர் முடிவில் மருந்து தேடுபவர்கள் முப்பதாயிரம் தேனீக்களைக் கொல்கிறார்கள். உண்ணி மருந்துகளுள் போமிக் அமிலம் மூடிய புழுவறைக்குள்ளும் ஊடுருவும். ஒக்சாலிக் அமிலம் ஊடுருவாது. ஆதலால் பின்னதைப் புழுக்கள் இல்லாத நவம்பரில் இடுவதே பயன் தரும். இரண்டையும் லேபிளில் உள்ளபடி, உரிய கையுறையும் முகக்கவசமும் அணிந்தே கையாள வேண்டும்.

இனிப் போர்வை பற்றி. முதலாம் ஆண்டில் நானும் பழைய கம்பளியும் பிளாஸ்ரிக் தாளுமாகச் சுற்றி, மேல்வாசலையும் அடைத்துவிட்டேன். ஏப்ரலில் திறந்தபோது மூடியின் அடியில் நீர்த்துளிகள் வரிசையாகத் தொங்கின. அடைகளில் பச்சைப் பூஞ்சணம். கீழ்ப்பலகையில் நனைந்த தேயிலைச் சக்கைபோல இறந்த தேனீக்கள். தேனீக்கள் தேனை உண்டு சூடாக்கும்போது வெளியாகும் நீராவி மேலெழுந்து, குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி அவற்றின் தலையிலேயே சொட்டுகிறது. உலர்ந்த கூட்டம் தாங்கும் குளிரை நனைந்த கூட்டம் தாங்காது. பக்கங்களைச் சுற்றுவதில் தவறில்லை. ஆனால் மூடிக்குக் கீழே தடித்த காப்பு வேண்டும், ஈரம் வெளியேற விரலளவு மேல்வாசல் வேண்டும். இப்போது நான் மேலே ஒரு வெற்றுச் சட்டப்பெட்டியில் மரச்சீவலை நிரப்பி வைக்கிறேன்.

உணவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இங்கே ஒரு கூட்டம் குளிர்காலத்தைக் கடக்க ஏறத்தாழ 30 கிலோ தேன் இருப்பில் இருப்பது நல்லது. குறைந்தால் இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்ற அளவில் கெட்டியான பாகு காய்ச்சி, ஒக்ரோபர் தொடக்கத்துக்குள் ஊட்டி முடிக்க வேண்டும். குளிர் முற்றிய பின் தேனீக்கள் பாகைத் தொடா. பட்டினிச் சாவு பெரும்பாலும் நிகழ்வது, ராணி மீண்டும் முட்டையிடத் தொடங்கிப் பந்தின் நடுவை 35 பாகையளவில் வைத்திருக்க வேண்டிய பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். தேன் நிரம்பிய சட்டத்துக்கு ஒரு சாண் தூரத்தில், வெற்று அறைகளுக்குள் தலையைப் புதைத்தபடி வால் மட்டும் தெரிய இறந்துகிடந்த கூட்டம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சாண் தூரத்தைக் கடக்கக் குளிர் விடவில்லை. மாசியில் பந்துக்கு நேர் மேலே தாளொன்றை விரித்து உலர்ந்த சீனியைக் கொட்டியிருந்தால் அது பிழைத்திருக்கக்கூடும்.

பெட்டிகளைப் போர்த்தும் காலத்தில் இத்தகைய கட்டுரைகளை வெளியிடுவது இயல்பாகத் தோன்றலாம். ஆயினும் அப்போது வாசிப்பவர் கையில் செய்வதற்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. அடுத்த ஆண்டு இதே பொருளில் எழுத எண்ணினால், அதை யூலை மாத இறுதி இதழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
ஏஜாக்ஸ், ஒன்ராறியோ